மினரல் ஃபவுண்டேஷன்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால், பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு மருதாணி வைத்த கையோடு பெண்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கன்னம் இரண்டும் தடித்திருக்கும், இமை வீங்கியிருக்கும், மறுநாள் நிச்சயதார்த்தம் இருக்கும். என்ன பூசினாய் என்று கேட்டால், பெண் வாய் திறக்கும் முன்பே அம்மா பதில் சொல்லிவிடுவார்: "மினரல் ஃபவுண்டேஷன்தான் டாக்டர், கெமிக்கலே கிடையாது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தாமிரபரணித் தண்ணீரும் கெமிக்கல்தான் அம்மா. மினரல் ஃபவுண்டேஷன் என்ற இந்த முகப்பூச்சுப் பொடியில் பெரும்பாலும் இருப்பவை டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடுகள், மைக்கா. பூமியிலிருந்து அள்ளி அப்படியே டப்பாவில் அடைத்தவை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். கறுப்பு மணல் வெள்ளைப் பொடியாவது சும்மா நடப்பதில்லை. கந்தக அமிலத்தில் கரைத்தோ, குளோரினோடு சேர்த்துச் சூடாக்கியோ இரும்பைப் பிரித்தாக வேண்டும். நிறம் தரும் இரும்பு ஆக்சைடையும் ஆலையில்தான் தயாரிக்கிறார்கள். அது நல்லதற்குத்தான், மண்ணிலிருந்து எடுத்ததில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்கக்கூடும். இயற்கை என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்கிறீர்களே, அந்தப் பொடியை உங்கள் முகத்துக்கு ஏற்றதாக்கியதே ஆலைதான்.

பொடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கும் பரு உள்ளவர்களுக்கும் கனமான கிரீமைவிட இதையே நானும் சொல்வேன். மங்கு இருந்தால், இரும்பு ஆக்சைடு வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும் என்பது கூடுதல் லாபம். தொல்லை பெரும்பாலும் கூடச் சேர்ப்பவற்றால்தான் வருகிறது. டப்பாவைத் திருப்பி, 77163 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். முத்துப் பளபளப்புக்காகச் சேர்க்கும் பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடின் எண் அது. பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு வியர்த்ததும் அரிக்கத் தொடங்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வியர்க்காத மணப்பெண் யார்? வாசனை சேர்த்ததையும் தவிர்த்துவிடுங்கள். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலோ, தொகுதி எண்ணோ, உரிம எண்ணோ இல்லை என்றால் வாங்கவே வேண்டாம், பாதி விலைக்குக் கிடைத்தாலும் சரி.

அடுத்தது நிறம். மாநிறப் பெண்ணுக்கு இரண்டு படி வெளுப்பாக வாங்கிக்கொடுப்பது எந்த அத்தையின் யோசனையோ தெரியவில்லை. டைட்டானியம் மிகுந்த பொடி மாநிறத்தில் சாம்பல் பூத்தது போல நிற்கும். கல்யாண ஆல்பத்தில் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து ஒரு நிறமாகவும் தெரியும். மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடையின் டியூப்லைட்டை விட்டு ரதவீதி வெயிலுக்கு வந்து கண்ணாடி பாருங்கள்.

வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணை நம்பி சன்ஸ்கிரீனை விடாதீர்கள். அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. அவ்வளவு பொடியை அப்பினால் மணமேடைக்குப் பதில் கூத்துமேடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

முதலில் சன்ஸ்கிரீன், அது காயட்டும். பிறகு மூடியில் சிட்டிகைப் பொடி கொட்டி, பிரஷைச் சுழற்றி, விளிம்பில் தட்டிவிட்டு மெல்லிதாகப் பூசுங்கள். பொடி பறக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டியாக அழுத்திய வகையை வாங்கலாம். ஈரப் பிரஷை டப்பாவுக்குள் விட்டால் கிருமிக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு முகத்துக்குப் போட்ட பிரஷைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த முகத்துக்குப் போடாதீர்கள். பருச் சீழ் பட்ட பிரஷ்களை நான் பார்த்திருக்கிறேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவில் புது டப்பாவைத் திறக்காதீர்கள், தயவுசெய்து. இரண்டு வாரம் முன்பே வாங்கி, முழங்கையின் உள்பக்கத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பொடி உங்களுக்கு ஆகாது.

அதையும் மீறி முகம் தடித்துவிட்டால், வீட்டில் கிடக்கும் களிம்பு எதையும் தடவாமல், கழுவிவிட்டு வாருங்கள். வரும்போது டப்பாவையும் எடுத்து வாருங்கள். கைபேசியில் படம் காட்டுபவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் எடுத்து வருகிறார்கள். அதில் இருக்கும் நடிகையின் முகத்தை வைத்து நான் என்ன வைத்தியம் பார்ப்பது?