முதல் லிங்க்கில் என்ன இருக்கிறது?

மிக்ஸி ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தது. கைப்பேசியை எடுத்துத் தேடினேன். கண் இமைப்பதற்குள் முதல் லிங்க்கைத் தட்டியாயிற்று. ஏன் அதைத் தட்டினாய் என்று கேட்டால், அதுதான் பொருத்தமாகத் தெரிந்தது என்பேன். உண்மையில் அது மேலே இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ஸ்டன் யோகிம்ஸ் குழுவினர். மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, சில கேள்விகளுக்குக் கூகுளில் விடை தேடச் சொன்னார்கள். விழியில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு, பார்வை எங்கே நிற்கிறது என்று ஒரு கருவி குறித்துக்கொண்டே வந்தது. முதல் இரண்டு முடிவுகளையும் கண் ஏறக்குறைய ஒரே அளவுதான் பார்த்தது. கிளிக் மட்டும் முதலாவதில் போய்க் குவிந்தது.

சரி, முதலாவதுதான் நிஜமாகவே நல்லதோ என்னவோ? அதையும் பார்த்துவிடலாம் என்று, மாணவர்களுக்குத் தெரியாமல் முதல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்கள். அப்போதும் மேலே இருந்ததற்கே கிளிக் அதிகம்! ஆனால் மொத்தமும் குருட்டு நம்பிக்கை இல்லை. பத்து முடிவுகளையும் தலைகீழாகக் கவிழ்த்தபோது, மாணவர்கள் கூடுதலாகக் கீழே இறங்கித் தேடினார்கள். 2005இல் வெளியான ஆய்வு இது.

தேடுபொறிக்கு இது பெரிய தலைவலி. கிளிக்கை அப்படியே ஓட்டாக எண்ணினால், மேலே இருப்பது மேலேயே இருந்துவிடும். அதனால் எதைத் தட்டினோம் என்பதைவிட, எதைத் தாண்டிப் போனோம் என்பது முக்கியமாகிறது. முதல் லிங்க்கில் ஜார் வாங்கச் சொல்லும் விளம்பரம்தான் இருந்தது, உடனே திரும்பினேன். இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதைத் தட்டினேன், அங்கேயே நின்றுவிட்டேன். மேலே இருந்த இரண்டையும்விட மூன்றாவது தேவலாம் என்று நான் வாய் திறக்காமலே சொல்லிவிட்டேன். (வாஷர் தேய்ந்திருந்தது.) வரிசைப்படுத்துவதற்கு 13 மாத கிளிக் பதிவுகளைப் பயன்படுத்தும் 'நேவ்பூஸ்ட்' என்ற அமைப்பு கூகுளிடம் இருப்பது, அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில் 2023இல் நடந்த விசாரணையில் வெளியே வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வேறொன்று. லிங்க்குகளை அடுக்கும் பழைய வரிசை, புதிய வரிசை, இரண்டில் எது சிறந்தது என்று தேடுபொறிக்குத் தெரியவேண்டும். தெருக் கிரிக்கெட்டில் இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிப்பது போலச் செய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் டாஸ் போட்டு, மிச்சமிருப்பவற்றில் தனக்குப் பிடித்த முதல் லிங்க்கை ஒவ்வொரு வரிசையும் எடுக்கும். கலந்து வரும் பட்டியல் நமக்குச் சாதாரணத் தேடல் பக்கமாகத்தான் தெரியும். உச்சி இடம் இரண்டு அணிக்கும் சம அளவில் கிடைப்பதால், இடத்தின் செல்வாக்கு அடிபட்டுப் போகிறது. நாம் தட்டும் ஒவ்வொரு லிங்க்கும் எந்த அணியில் இருந்து வந்ததோ, அந்த அணிக்கு ஒரு ரன்.