யுஏ 16+ படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா? சென்சார் சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

1952ஆம் ஆண்டின் சினிமா சட்டப்படி, எந்தப் படமும் தியேட்டருக்கு வருவதற்கு முன் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழைப் பெற வேண்டும். நாம் சென்சார் என்பது இதைத்தான். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கான எஸ் கண்ணில் படுவதே அபூர்வம். நடுவில் இருந்த யுஏ, 2023 சட்டத்திருத்தத்தால் 7+, 13+, 16+ என மூன்றாகிவிட்டது.

குழப்பமும் இங்கேதான். யுஏ 16+ படத்துக்கு 10 வயதுப் பிள்ளையைப் பெற்றோர் அழைத்துப்போனால் தியேட்டர்காரர் தடுக்க முடியாது. அந்த வயது பெற்றோர் முடிவெடுப்பதற்கான குறிப்பு மட்டுமே. ஏ படத்துக்கு அது செல்லாது. அப்பா, அம்மா கூடவே வந்தாலும் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை.

சரி, எதை வைத்து யுஏ, எதை வைத்து ஏ? 1991இல் வகுத்த வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. தவிர்த்திருக்கக்கூடிய வன்முறை, ஆபாசம் என்று பொதுவாகத்தான் சொல்கின்றன. எது தவிர்த்திருக்கக்கூடியது என்பது அன்றைக்குப் படம் பார்க்கும் குழுவின் கையில். அதனால் கெட்ட வார்த்தை வந்தால் உடனே மியூட் (உதட்டசைவு காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம்). அரிவாள் வெட்டு என்றால் ரத்தத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, சில நொடிகளை வெட்டினால் பல சமயம் யுஏ கிடைத்துவிடுகிறது. முத்தத்துக்கு வரும் பதற்றம் கொலைக்கு வருவதில்லை.

இதில் பணமும் இருக்கிறது. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி வரும்வரை, கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் ஒரு நிபந்தனையாக இருந்தது. யுவா, ஏவா என்ற ஓர் எழுத்துக்காகத் தயாரிப்பாளர்கள் மல்லுக்கட்டியது சும்மா இல்லை.

முடிவு பிடிக்கவில்லையென்றால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கு மேல் இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டதால், அடுத்தது உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்ட சின்னத் தயாரிப்பாளர் அவ்வளவு தூரம் போவாரா? சொன்ன வெட்டுகளை ஏற்றுக்கொள்வார்.

ஓடிடி கதையே தனி. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனமே தன் படத்துக்கு வயதுப் பிரிவைக் குறிக்கிறது, வாரியம் தலையிடுவதில்லை. ஆனால் வன்முறை, போதைப்பொருள், மோசமான மொழி என்று காரணத்தையும் அந்த நிறுவனம் காட்டியாக வேண்டும். தியேட்டர் படத்தின் போஸ்டரில் நமக்குக் கிடைப்பது யுஏ 13+ என்ற குறி மட்டும். எதற்காக 13 என்று அதில் இருக்காது. பிள்ளைகளோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் டிரெய்லரையாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.