பாதி நாற்காலி நோயாளிகளுக்கு

பிரேசிலில் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருக்கின்றன. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் சாவ் பாவ்லோவும் ஒரு நகராட்சிதான், ஆயிரம் பேர்கூட இல்லாத மலையூரும் ஒரு நகராட்சிதான். மருத்துவச் செலவுக்கு மத்திய அரசிடமிருந்து பணம் வர வேண்டுமானால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் ஒரு சுகாதாரக் குழு இயங்க வேண்டும், அதன் நாற்காலிகளில் சரிபாதி அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இருக்க வேண்டும். குழு இல்லாத ஊரின் பணத்தை மாநில அரசோ மத்திய அரசோ கையில் எடுத்துக்கொண்டு செலவு செய்யும். மேயருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இந்த ஏற்பாடு அமைச்சகத்தில் உட்கார்ந்து யாரோ யோசித்து எழுதியதல்ல. 1964 முதல் 1985 வரை அங்கே ராணுவ ஆட்சி. மாதச் சம்பளமும் வேலைப் பதிவுப் புத்தகமும் உள்ள தொழிலாளிக்குக் காப்பீட்டில் வைத்தியம் கிடைத்தது. வீட்டுவேலை செய்கிறவர், கூலிக்காரர், சிறு விவசாயி போன்றவர்கள் பெரும்பாலும் தர்ம ஆஸ்பத்திரிகளைத்தான் நம்பியிருந்தார்கள். 1970களில் சாவ் பாவ்லோவின் கிழக்குப் புறநகர்களில் குடியேறிய ஏழைக் குடும்பத்துத் தாய்மார்கள் தங்கள் பகுதிக்குச் சுகாதார நிலையம் கேட்டுத் திரண்டார்கள். தேவாலயக் குழுக்களும் சில இளம் மருத்துவர்களும் துணை நின்றார்கள். நிலையம் வந்தது. அப்புறம் அந்தப் பெண்கள் கேட்டதுதான் முக்கியம்: இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நாங்களே ஆள் தேர்ந்தெடுப்போம். பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அந்தக் குழுக்கள்தான் பின்னால் நாடு முழுவதற்கும் முன்மாதிரியாயின.

1986 மார்ச்சில் தலைநகர் பிரசிலியாவில் எட்டாவது தேசிய சுகாதார மாநாடு கூடியது. அதற்கு முந்தைய ஏழும் அதிகாரிகளும் நிபுணர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டவை. இதில் தொழிற்சங்கத்தார், குடியிருப்புச் சங்கத்தார் என்று நாலாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். தலைமை தாங்கியவர் செர்ஜியோ அரோக்கா என்ற பொதுச் சுகாதார மருத்துவர். அங்கே எடுத்த முடிவுகளின் சாரம் 1988 அரசமைப்புச் சட்டத்தில் ஏறியது: ஆரோக்கியம் எல்லோருக்கும் உரிமை, அரசுக்குக் கடமை, நிர்வாகத்தில் மக்களுக்குப் பங்கு உண்டு. அதிலிருந்து பிறந்த பொதுச் சுகாதார அமைப்பைத்தான் பிரேசில்காரர்கள் ‘ஸூஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

சரி, ஏட்டில் வந்தது நடைமுறைக்கு வந்ததா? 1990 செப்டம்பரில் அமைப்புக்கான சட்டம் நிறைவேறியபோது, மக்கள் குழுக்கள் பற்றிய பகுதியை அதிபர் கோலோர் வெட்டியெறிந்தார். சுகாதார இயக்கத்தார் விடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி 8142ஆம் எண் சட்டமாக அது திரும்பி வந்தது. மிகச் சின்னச் சட்டம்தான், ஆனால் ஸூஸின் பல் அதில்தான் இருக்கிறது.

நாற்காலிக் கணக்கைப் பார்ப்போம். பாதி பயனாளிகளுக்கு: நீரிழிவுக்காரர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, ஓய்வூதியர் சங்கம், பழங்குடியினர், குடியிருப்போர் சங்கம் என்று யாரும் வரலாம். கால்பங்கு மருத்துவர், செவிலியர் போன்ற ஊழியர்களுக்கு. மீதிக் கால்பங்கில் அரசும், அரசுக்குச் சேவை விற்கும் தனியார் மருத்துவமனைகளும். பன்னிரண்டு பேர் குழு என்றால் 6, 3, 3. எல்லோரும் வந்திருக்கும் கூட்டத்தில் பயனாளிகள் ஆறு பேரும் ஒன்றாக நின்றால், ஊழியர் ஒருவர் கை தூக்கினாலே தீர்மானம் நிறைவேறிவிடும். மேயர் தரப்புக்கோ மூன்று ஊழியர்களும் வேண்டும், போதாததற்குப் பயனாளி ஒருவரையும் இழுக்க வேண்டும். நம் ஊர்க் கூட்டணிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும், யாரும் வந்து பார்க்கலாம், உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை. நகராட்சியின் சுகாதாரத் திட்டமும் ஆண்டறிக்கையும் இதன் முன்னால் வந்தாக வேண்டும். 2012இல் வந்த சட்டப்படி நகராட்சி தன் வரி வருமானத்தில் 15 சதவீதத்தையும் மாநிலம் 12 சதவீதத்தையும் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கினார்களா என்று கேட்கும் உரிமையும் குழுவுக்கு உண்டு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. குழுவின் தீர்மானத்துக்கு நிர்வாகத் தலைமை ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நாளுக்குள் கையெழுத்தும் இல்லை, காரணமும் இல்லை என்றால் குழு அரசு வழக்குரைஞர் அமைப்பிடம் போகலாம். வழி இருக்கிறதுதான், ஆனால் சம்பளமில்லாமல் மாலை நேரத்தில் வந்து உட்காரும் ஓய்வுபெற்ற தையற்காரர் எத்தனை முறை அந்தப் படியேறுவார்?

என் பார்வையில் பெரிய பலவீனம் கையெழுத்துகூட இல்லை, காகிதம்தான். நூறு பக்கக் கணக்கறிக்கையைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் நீட்டினால், தணிக்கையாளருக்கே தலை சுற்றும். சிற்றூர்களில் மேயருக்கு வேண்டிய சங்கங்களே பயனாளி நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துகொள்வதும், அதே முகங்கள் வருடக்கணக்கில் தொடர்வதும் அங்கே அடிக்கடி எழும் புகார்கள். சட்டம் எண்ணிக்கையை உறுதி செய்கிறது, கேள்வி கேட்கும் திறமையை அது தராது. அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டியதோ கேள்விக்கு ஆளாக வேண்டிய அதே நிர்வாகம்!

தேசிய சுகாதாரக் குழுவிலும் இதே விகிதம்தான்: 48 உறுப்பினர்கள், அதில் 24 பேர் பயனாளிகள். நீண்ட காலமாகச் சுகாதார அமைச்சரே அதன் தலைவராக இருந்தார். 2006இல்தான் முதன்முறையாகத் தேர்தல் வைத்து, பிரான்சிஸ்கோ பட்டிஸ்டா ஜூனியர் என்ற மருந்தாளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2019 ஏப்ரலில் அதிபர் போல்சனாரோ ஓர் ஆணையால் மத்திய அரசின் மக்கள் பங்கேற்புக் குழுக்களைக் கூட்டமாகக் கலைக்கப் பார்த்தார். அந்த ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது: நாடாளுமன்றச் சட்டத்தில் பெயருள்ள குழுக்களை ஆணையால் கலைக்க முடியாது. சுகாதாரக் குழுவைக் காப்பாற்றியது 1990இல் வெட்டுப்பட்டுத் திரும்பி வந்த அந்தச் சின்னச் சட்டமே. அதே சட்டம் நான்காண்டுக்கு ஒருமுறை நடத்தச் சொல்லும் தேசிய மாநாடு 2023 ஜூலையில் பதினேழாவது முறையாகப் பிரசிலியாவில் கூடியது.