ஆல்ட்ரோவாண்டா: இரு பிழைகளோடு நிலைத்த பெயர்

இந்தியாவிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு முதலில் பதிவான ஆல்ட்ரோவாண்டா என்னும் அரிய சதுப்புநிலச் செடிக்கு, இத்தாலியர் ஒருவரின் பெயர் எப்படி வந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேரே இல்லாமல் நீர்மட்டத்தை ஒட்டி மிதக்கும் இச்செடியின் தண்டைச் சுற்றி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல இலைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையின் முனையிலும் சிப்பியைப் போல இரண்டு மடல்கள் திறந்திருக்கும். உள்ளேயுள்ள நுண்மயிரை ஒரு நீர்த்தெள்ளு உரசினால், கண் இமைப்பதற்குள் அவை மூடிக்கொண்டு அதைச் செரிக்கத் தொடங்கிவிடும். நீருக்கு மேலே எழும் வெண்ணிறச் சிறுபூ சில மணி நேரமே விரிந்திருக்கும்.

1696-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் லியோனார்ட் புளுகனெட் இதை 'லெண்டிகுலா பலுஸ்ட்ரிஸ் இண்டிகா' என்று குறித்தார். 1747-இல் தாவரவியலாளர் கயத்தானோ மோந்தி, இத்தாலியில் கிடைத்த செடிகளை விவரித்து, போலோனா நகரின் இயற்கையியலாளர் உலிசே ஆல்ட்ரோவாண்டியின் நினைவாக 'ஆல்ட்ரோவாண்டியா' என்றார். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் சேர்த்தபோது, 'டியா' என்பது 'டா' ஆகி, 'ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா' என்று பதிவாயிற்று. தாவரப் பெயரிடல் விதிகள் அந்த நூலையே தொடக்கமாகக் கொள்வதால், அதற்கு முந்தைய பெயர்கள், இந்தியாவைச் சுட்டிய பெயர் உட்பட, கணக்கில் வருவதே இல்லை.

'வெசிகுலோசா' என்றால் சிறு பைகளை உடையது என்று பொருள். ஐரோப்பாவின் குளிரில் மடல்கள் பெரும்பாலும் மூடியே கிடந்ததால், அவற்றைக் காற்றடைத்த பைகள் என்றே பழைய தாவரவியலாளர்கள் எண்ணினர். வெதுவெதுப்பில் அவை திறக்கும், தொட்டால் மூடும் என்பதை 1873-இல் ஸ்டெயின் என்பவர் கண்டார். 1875-இல் டார்வின் அதை விரிவாக எழுதினார். ஆயினும் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். பெயர் செடியை வருணிக்க வேண்டியதில்லை, ஐயமின்றிச் சுட்டினால் போதும். நம் வழக்குப் பெயர்கள் அப்படியல்ல. வெள்ளைப் பூ பூப்பதையும் மஞ்சள் பூ பூப்பதையும், அவை வேறு வேறு இனங்களாக இருந்தும், நாம் கரிசலாங்கண்ணி என்றே அழைக்கிறோம். மருந்துக்குப் பறிப்பவருக்கு அது எவ்வளவு குழப்பம்!

குளங்கள் தூர்ந்தும் உரக்கழிவு கலந்தும் போவதால், ஆல்ட்ரோவாண்டா இன்று உலக அளவில் அழியும் நிலையில் இருக்கிறது. அது எந்தெந்த நீர்நிலைகளில் இருந்தது என்பதற்குப் பழைய உலர்தாவரத் தாள்களே, அதாவது செடியை உலர்த்தி ஒட்டிப் பெயர்ச்சீட்டு இட்ட தாள்களே, முதன்மைச் சான்று. அவற்றைப் பேணுவதற்கும், பெயர்களைச் சரிபார்க்கும் வகைப்பாட்டியலாளர்களுக்கும் நாம் ஒதுக்கும் பணம் போதாது என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சீட்டில் உள்ள பெயரை நம்பித்தான் ஒருவர் மீண்டும் அந்தக் குளத்தைத் தேடிப் போக முடியும்.