பெருந்திட்டம் வேண்டாம், நிலப்பயன் திட்டம் போதும்

ஏதாவது ஒரு நகராட்சிக்குப் ‘பெருந்திட்டம்’ தயார் என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது. படிப்பவர் உடனே கேட்பது, “அதுல எங்க தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இருக்கா?” என்றுதான். அவர்மேல் தப்பில்லை. பெருந்திட்டம் என்றால் பெரிய தொகையில் பெரிதாக ஏதோ கட்டப் போகிறார்கள் என்றுதானே தமிழ் தெரிந்த யாருக்கும் தோன்றும்?

செய்தியாளர்கள் பெருந்திட்டம் என்று மொழிபெயர்ப்பது ஆங்கிலத்தின் ‘மாஸ்டர் பிளான்’ என்பதை. மாஸ்டர் பிளான் எதையும் கட்டுவதில்லை. ஓர் ஊரின் நிலத்தில் எங்கே வீடு வரலாம், எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எது விவசாயத்துக்கே இருக்க வேண்டும், வருங்காலச் சாலைக்கு எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று வரைபடத்தோடும் விதிகளோடும் சொல்லி வைக்கும் ஆவணம் அது. உங்கள் புல எண் அதில் விவசாயப் பகுதி என்றிருந்தால் மனை போடவோ கல்யாண மண்டபம் கட்டவோ முதலில் நிலப்பயன் மாற்றம் வாங்கியாக வேண்டும். சாலைக்குக் கோடு போட்டிருந்தாலும் சாலை வந்துவிடாது. ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் அரசு கையகப்படுத்த முனையாவிட்டால் ஒதுக்கீடு விடுபட்டதாகக் கொள்ளப்படும் என்று தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொல்கிறது. கோடு போடுவது ஒரு வேலை, சாலை போடுவது வேறு வேலை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘பிளான்’ லத்தீனில் தட்டையானது என்று பொருள்படும் ‘பிளானுஸ்’ வழியாக, தட்டையான தாளில் வரைந்த படம் என்ற பொருளில் வந்தது. ‘மாஸ்டர்’ லத்தீன் ‘மகிஸ்தர்’. நம் பரோட்டா மாஸ்டருக்கும் அவர்தான் பூட்டன். மாஸ்டர் பிளானில் வரும் மாஸ்டருக்குப் பெரியது என்று பொருளில்லை. மற்றப் படங்களெல்லாம் எதற்கு அடங்கி நடக்க வேண்டுமோ அந்த மூலப்படம் என்று பொருள்.

ஆக, ‘பெரு’ தவறு. பேரூராட்சி அளவுள்ள ஊருக்கும் மாஸ்டர் பிளான் போடலாம்; அதில் பெரிதாக ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. சில நாளிதழ்கள் எழுதும் ‘முதன்மைத் திட்டம்’ இன்னும் மோசம். ஓர் அரசு தன் பெயர் சொல்லும்படி நடத்தும் நலத்திட்டத்தையும் அதே நாளிதழ்கள் முதன்மைத் திட்டம் என்கின்றன. போதாக்குறைக்கு, இந்த ஆவணத்துக்குள்ளேயே ‘முதன்மைக் குடியிருப்புப் பகுதி’ என்று ஒரு வகை இருக்கிறது. முதன்மைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு என்றால் கேட்பவர் என்னதான் செய்வார்? அரசு ஆவணங்களில் உள்ள ‘முழுமைத் திட்டம்’ இவற்றுக்கு எவ்வளவோ மேல். சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தால் பலருக்கும் பழகிய சொல். ஆனாலும் எது முழுமை, எதைப் பற்றிய திட்டம் என்று அது வாய் திறப்பதில்லை.

பேசாமல் மாஸ்டர் பிளான் என்றே எழுதிவிடலாமே என்பவர்கள் உண்டு. கொடைக்கானலில் அது செல்லும். அங்கே 1993இல் வந்த மாஸ்டர் பிளானே ஆண்டுக்கணக்கில் நடப்பில் இருக்க, 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். காட்டேஜ் நடத்துகிறவரிடம் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். மற்ற ஊர்களில்? ‘மாஸ்டர் பிளான் போட்டு நகைக்கடையில் கொள்ளை’ என்று எழுதுவதும் நம் செய்தியாளர்கள்தான்.

முன்பாதியைப் பற்றியே எல்லாரும் சண்டை போடுகிறோம். எனக்கென்னவோ வில்லங்கம் பின்பாதியில்தான் இருப்பதாகப் படுகிறது. ‘திட்டம்’ நல்ல சொல். திட்டமாகச் சொல் என்றால் அறுதியிட்டுச் சொல். கோயில்களில் இன்ன பூசைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு எண்ணெய் என்று வரையறுத்து வைப்பதற்கும் திட்டம் என்றே பெயர். இந்தப் பழைய பொருளில் பார்த்தால் நிலத்துக்கு வரம்பு கட்டும் ஆவணத்துக்கு அச்சொல் அப்படியே பொருந்தும். ஆனால் சத்துணவுத் திட்டம், நூறுநாள் வேலைத் திட்டம், வீட்டு வசதித் திட்டம் என்று கேட்டுக் கேட்டு, திட்டம் என்றால் அரசு ஏதோ தரும் என்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸ்கீம்’ வேறு, ‘பிளான்’ வேறு. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் ஸ்கீம்களைக் கொண்டு நடந்தது; அதன் இடத்துக்கு வந்த 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் பிளான்களைக் கொண்டு நடக்கிறது. நாம் இரண்டையும் திட்டம் என்று எழுதி வேலையை முடித்துக்கொண்டோம்.

திட்டத்தை விரட்டிவிட்டு ‘ஊரமைப்பு நெறி’, ‘நிலவரைவு’ என்று புதிதாக ஆக்கலாம்தான். தனித்தமிழ் அன்பர்களுக்குப் பிடிக்கும். விண்ணப்பம் எழுதப் போகிறவருக்குப் புரியாது. தவிர, வரைவு என்றால் இன்றைக்கு இன்னும் முடிவாகாத படி என்று பொருளாகிவிட்டது. அதனால் நான் சொல்வது ‘நிலப்பயன் திட்டம்’. ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொடைக்கானல் நிலப்பயன் திட்டம். மாஸ்டருக்குத் தமிழே வேண்டாம். அதை விட்டுவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நிலம் எதற்குப் பயன்படும் என்பதைப் பற்றியது என்று கேட்டவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இது வீண் வம்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தருவதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபமும் கருத்தும் கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும்; அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பெருந்திட்டம் என்று படித்துவிட்டு, சரி, நல்லது நடக்கட்டும் என்று இருந்துவிடுகிறோம். வரைபடத்தில் நம் தோட்டத்துக்கு எந்தப் பயனுக்குரிய நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றுவதே இல்லை.

அப்படியே பார்க்கப் போனாலும் உள்ளே மொழிபெயர்ப்பாளர்கள் காத்திருக்கிறார்கள். இன்ன பயனுக்கு என்று பிரித்த இடத்தைக் குறிக்கும் ‘ஸோன்’ என்பதற்கு மண்டலம். சென்னையில் உங்கள் வீடு எந்த மண்டலம் என்றால் பதின்மூன்றாம் மண்டலம், அடையாறு என்பார்கள். குடியிருப்பு மண்டலம் என்று யார் சொல்வார்? இலங்கைத் தமிழில் வலயம் என்கிறார்கள், ஆனால் அங்கே கல்வி வலயம் வேறு இருக்கிறது. ‘பகுதி’ என்ற எளிய சொல் இருக்க இவ்வளவு பாடு எதற்கு? எல்லாவற்றையும்விட என்னைப் படுத்துவது ‘நிறுவனப் பகுதி’. கம்பெனிகளுக்கு ஒதுக்கிய இடம் என்று நினைத்துக் கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் போன்றவற்றுக்கான இடம். ‘பள்ளி, மருத்துவமனை, பொது அலுவலகப் பகுதி’ என்று எழுதினால் நீளமாகிவிடுமாம்.