ஒரே வார்டில் இரண்டு முனியம்மா

தாதியாகச் சேர்ந்த புதிதில் நடந்தது. இன்சுலின் ஊசியோடு போய், "முனியம்மாதானே பாட்டி?" என்றேன். தலையாட்டினார். கைப்பட்டையில் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைச் சரிபார்த்தபோதுதான் எனக்கு வேர்த்தது. மருந்து, இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த இன்னொரு முனியம்மாவுக்கு. இந்தப் பாட்டிக்கு இனிப்புநீரே (சர்க்கரை நோய்) இல்லை. காலைப் பசியாறலையும் அவர் தொடவில்லை. ஊசி ஏறியிருந்தால் சர்க்கரை சரிந்து மயங்கியிருப்பார்.

தப்பு என்னுடையதுதான். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைத்திருக்க வேண்டும். காது மந்தமானவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எல்லாம் எந்தப் பெயருக்கும் "ஆமா" போடுவார்கள். அதிலும் நம் பாட்டிமார்கள் தோட்டத்துக் கிராணிக்கும் (எழுத்தர்) மண்டோருக்கும் (மேற்பார்வையாளர்) தலையாட்டியே காலத்தை ஓட்டியவர்கள்.

இன்று நான் இருக்கும் செம்பனைத் தோட்டத்து டவுனிலும் அதே கதைதான். பாதிப் பேருக்குக் குலசாமி பெயர். சில சமயம் அப்பா பெயரும் ஒத்துப்போகும். ஆளைப் பிரித்துக் காட்டுவது ஐசியின் 12 இலக்கங்கள்தான்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), பிறகு நான்கு. ஊசி, மாத்திரை, ரத்தம் எடுப்பது என எதற்கு வந்தாலும் பெயரையும் எண்ணையும் நீங்களே சொல்லுங்கள். "நேத்தே சொன்னேனே மிஸ்ஸி" என்று சலிக்காதீர்கள். கேட்காமல் ஊசி போட வருபவரிடம் சலித்துக்கொள்ளுங்கள், நியாயம் உண்டு. ரத்தம் ஏற்றும்போது இன்னும் கறாராக இருங்கள். பொருந்தாத ரத்தம் கொஞ்சம் ஏறினாலே உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று, தலையணைக்கடியில் ஒளியும் மாத்திரைப் பை. வார்டில் கொடுப்பதோடு வீட்டு மாத்திரையையும் விழுங்கிச் சர்க்கரை இறங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தொல்லை, முட்டிவலிக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கும் மருந்து உருண்டை. பதிவு எண் இல்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது அரசுச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் தின்றவர் வார்டில் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழலாம். காரணம் தெரியாமல் டாக்டர் திணறுவார். டாக்டர் திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். அந்த டப்பாவையும் பையோடு கொண்டுவந்து மேசையில் வையுங்கள்.