கேடயத்தில் ஒரு பொன்பட்டை

1385இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் படை ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டது. அந்தப் படையில் இரண்டு பேர் ஒரே சின்னத்தைத் தாங்கி வந்திருந்தார்கள்: நீலக் கேடயம், அதில் மூலைவாட்டாக ஒரு பொன்னிறப் பட்டை. ஒருவர் ரிச்சர்ட் ஸ்க்ரோப், மற்றவர் ராபர்ட் க்ரோவ்னர். விஷயம் வழக்காகி ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஒரு பட்டைக்கா இவ்வளவு பாடு? கேடயச் சின்னம் 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் பரவியது. தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. அதனால் அடிப்படை வடிவங்கள் எல்லாமே பெரியவை, எளியவை. நடுவில் செங்குத்துப் பட்டை என்றால் 'பேல்', கிடைப்பட்டை 'ஃபெஸ்', மூலைவாட்டுப் பட்டை 'பெண்ட்', கூரை முகடு மாதிரி வளைந்தால் 'செவ்ரன்'. அப்புறம் சிலுவை, பெருக்கல் குறி. சிங்கம், கழுகு, நட்சத்திரம் எல்லாம் இவற்றுக்கு மேலோ பக்கத்திலோ வந்து உட்காரும். 'பெண்ட்' கேடயம் ஏந்துபவரின் வலத்தோள் பக்கத்தில் தொடங்கும். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். படம் வரையும்போது பலர் சறுக்கும் இடம் இது.

வடிவத்தைவிடக் கெட்டியான விதி நிறத்தில் இருக்கிறது. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா 'நிறங்கள்'. உலோகத்தின்மேல் உலோகம் வைக்கக்கூடாது. நிறத்தின்மேல் நிறமும் கூடாது. நம் கண் ஒரு வடிவத்தின் விளிம்பைப் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். வெள்ளையில் மஞ்சள் வைத்தால் இரண்டுமே பளிச். கருப்பில் நீலம் வைத்தால் இரண்டுமே மங்கல். சாயம் வேறாக இருந்தாலும் தூரத்தில் விளிம்பு கரைந்துவிடும். கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்களையும் வெளிச்ச அளவீட்டையும் பற்றி எதுவும் தெரியாத காலத்தில், அனுபவத்தால் மட்டுமே இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளிமேல் பொன் சிலுவைகள் இருக்கும். விதிமீறலுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அது.

சரி, வழக்கு? 1386இல் கவிஞர் ஜெஃப்ரி சாசர் சாட்சி சொன்னார். லண்டனின் ஃப்ரைடே தெருவில் அந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்து, ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி யாருடையது என்று கேட்டாராம். அது க்ரோவ்னருடையது என்று பதில் வந்தது. அந்தப் பெயரையே அன்றுதான் முதலில் கேட்டேன் என்றார் சாசர்.

தீர்ப்பு ஸ்க்ரோப்புக்குச் சாதகம். கேடயத்தைச் சுற்றி வெள்ளிக்கரை சேர்த்து அதே பட்டையை க்ரோவ்னர் வைத்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். 1390இல் மன்னர் அதையும் மறுத்தார்: கரை சேர்த்துக்கொள்வது உறவினருக்குச் சரி, அந்நியருக்கு ஆகாது. க்ரோவ்னர் குடும்பம் பட்டையை விட்டுவிட்டுப் பொன்னிறக் கோதுமைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. பின்னணி அதே நீலம்தான்.